சீரான தையல் உருவாகும் விதம்

தையல் இயந்திரத்தில் தைத்த துணி இருபுறமும் ஒரே தோற்றம் கொள்ள வேண்டுமானால், ஊசியில் கோத்த மேல்நூலும் பாபினிலிருந்து வரும் அடிநூலும் துணியின் கனத்துக்குள்ளேயே ஒன்றையொன்று வளைத்துப் பிணைந்து நிற்க வேண்டும். பூட்டுத்தையல் எனப்படும் இதனைத் தைக்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்றார். முனைக்கு அருகே கண் வைத்த ஊசி அதன் உயிர்நாடி.

ஊசி இறங்கும்போது தையல் விழுவதாகத் தோன்றினாலும், அது அடிநிலையைத் தொட்டு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மேலெழும் கணத்தில்தான் எல்லாம் முடிவாகிறது. ஊசியின் ஒரு பக்கத்தில் ஓடும் நீண்ட பள்ளத்துக்குள் நூல் தடையின்றிச் செல்கிறது. மறுபக்கத்தில் அத்தகைய நீண்ட பள்ளம் இல்லாததால் துணி நூலைப் பற்றிக்கொள்ள, ஊசியோடு ஏற இயலாத நூல் கண்ணருகே சிறு வளையமாகப் புடைக்கிறது. துணிக்கு அடியில் இயங்கும் கொக்கியின் கூர்முனை அவ்வளையத்துள் புகுந்து, அதை விரித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுசெல்கிறது. மழுங்கிய ஊசியாலோ, அழுத்துபாதம் சரியாக அழுத்தாமையாலோ துணியும் ஊசியோடு சேர்ந்து எழும்பினால் வளையம் புடைப்பதில்லை. தையல் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாதலால், இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் ஊசியை மாற்றிப் பார்ப்பதே அறிவுடைமை.

விரிந்த வளையத்தை மேலே இழுத்து இறுக்குவது, இயந்திரத்தின் முகப்பில் ஏறி இறங்கும் நெம்புகோலின் வேலை. அந்த இழுப்புக்கு எதிராக மேல்நூலை இரண்டு உலோக வட்டுகளும், அடிநூலைப் பாபின் கூட்டின் மெல்லிய தகடும் உராய்வினால் தடுத்து நிறுத்துகின்றன. இவ்விரு தடைகளும் ஒத்திருந்தால் பிணைப்பு துணியின் நடுவில் அமையும். மேல்நூல் மிகுதியாக இறுகினால் அடிநூல் மேலே எட்டிப்பார்க்கும். தளர்ந்தால் துணியின் அடியில் நூல் வளையங்கள் குவியும். அடியில் சிக்கல் கண்டவுடன் பாபினைக் குறைகூறுவது புதிதாகப் பழகுவோரின் இயல்பு என்றாலும், குறை பெரும்பாலும் மேலேதான் இருக்கிறது. அழுத்துபாதத்தை இறக்கிவைத்தால் வட்டுகள் மூடிக்கொள்வதால், அந்நிலையில் கோத்த நூல் அவற்றின் இடையே நுழையாமல் மேலோடு ஓடிவிடுகிறது. பாதத்தைத் தூக்கிவைத்துக் கோத்தால், இறுக்கத்தை மாற்றும் திருகாணியைத் தொடாமலேயே பல சிக்கல்கள் தீர்ந்துவிடும்.

தையலின் நீளத்தை ஒரே அளவாக வைப்பது, ஊசித்தட்டுக்குக் கீழிருந்து எழும் பற்கள். எழுதல், நகர்தல், தாழ்தல், திரும்புதல் என்னும் இந்நான்கு இயக்கங்களை அமைத்த ஆலன் வில்சன் 1854இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஊசி ஒருமுறை குத்தி எழுவதற்குப் பற்கள் ஒருமுறை நகர்கின்றன. இரண்டும் ஒரே அச்சோடு இணைந்திருப்பதால், மிதியை விரைந்து மிதித்தாலும் மெல்ல மிதித்தாலும் 2.5 மில்லிமீட்டருக்கு வைத்த தையல் அதே நீளத்தில்தான் விழும். நீளம் மாறுகிறதென்றால், தைப்பவரின் கை துணியை இழுக்கிறது அல்லது பிடித்து நிறுத்துகிறது. கைக்குரிய பணி திசைகாட்டுவது மட்டுமே; இழுக்கும் கை ஊசியையும் வளைத்து, தட்டில் மோதி முறியச் செய்யும்.

தடித்த மடிப்பின்மேல் ஏறும்போது மட்டும் பற்கள் தாமாகச் சமாளிப்பதில்லை. அழுத்துபாதத்தின் முன்பகுதி உயர்ந்து சாய்வதால் துணி நகராமல் தையல்கள் ஒரே இடத்தில் நெருங்கி விழுகின்றன. பாதத்தின் பின்பகுதிக்குக் கீழே அதே கனத்தில் மடித்த துணித்துண்டு ஒன்றைச் செருகினால், பாதம் மட்டமாகி, பற்கள் மீண்டும் துணியைப் பற்றிக்கொள்ளும்.