உஷார்! ‘உள்ளே நம்ம ஆள் இருக்கார்’ என்று வருகிறார்கள்

“உள்ளே நம்ம ஆள் இருக்கார். இன்டர்வியூ எல்லாம் சும்மா பேருக்குத்தான். ரெண்டு லட்சம் மட்டும் ரெடி பண்ணிக்குங்க, அடுத்த மாசம் ஆஃபர் லெட்டர் கையில.”

படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பேச்சு இன்றோ நாளையோ உங்கள் வாசலுக்கும் வரும். சொல்பவர் ஊர் பேர் தெரியாதவராக இருக்க மாட்டார். அப்பாவோடு வேலை பார்த்தவர், ஒன்றுவிட்ட சித்தப்பா, இரண்டு பேட்ச் முந்தைய சீனியர் என்று ஏதோ ஒரு நூல் பிடித்துத்தான் வருவார். அதனால்தான் பயமாக இருக்கிறது. முகம் தெரியாதவனிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற அப்பா, ‘நம்ம மச்சானுக்குத் தெரிஞ்சவர்’ என்றதும் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடுகிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் நம்புவதில் பாதி உண்மை. வேலை பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகத்தான் கிடைக்கிறது. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனை அடுத்த நியூட்டன் என்ற ஊரில் அப்போதுதான் வேலை மாறியிருந்தவர்களிடம் விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர் வழியாகவே வேலை பிடித்திருந்தார்கள். அதைவிட முக்கியமான விஷயம், அந்தத் தெரிந்தவர் யார் என்பது. அப்படி வேலை பிடித்தவர்களில், அடிக்கடி சந்திக்கும் நெருக்கமானவர் மூலம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு உதவியவர் எப்போதாவது பார்க்கும் பழைய சக ஊழியர், பல வருடம் தொடர்பு விட்டுப்போன நண்பர். 1973-லும் 1974-லும் அவர் இதை எழுதி வெளியிட்டார். பிறகு லிங்க்ட்இனில் சுமார் 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அதிலும் வேலை மாற அதிகம் உதவியது நெருங்கிய நட்பு அல்ல, ஓரளவு பழக்கம்தான். காரணம் எளிது. நம் நெருங்கிய வட்டத்துக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். புதுச் சேதி வெளியிலிருந்து வர வேண்டும்.

ஆபத்தும் சரியாக அதே இடத்தில்தான் இருக்கிறது. நமக்கு உண்மையிலேயே வழிகாட்டக்கூடியவர் நாம் அரைகுறையாக அறிந்த ஆள். நம்மை ஏமாற்ற வருபவரும் நாம் அரைகுறையாக அறிந்த ஆள்தான். ஆளை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது. அவர் தருவதாகச் சொல்வது என்ன, சொன்னது பொய்யானால் அவருக்கு என்ன நஷ்டம் என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வியை நான் சும்மா சொல்லவில்லை. கொல்கத்தாவில் லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அது 2012-ல் வெளியானது. வேலைக்கு ஆள் கூட்டி வந்தால் பணம் உண்டு என்று சிலரிடம் சொன்னார்கள். வருபவர் எப்படிச் செய்தாலும் ஒரே தொகை என்று சொல்லப்பட்டவர்கள் உறவினர்களைக் கூடுதலாக அழைத்து வந்தார்கள். வருபவர் நன்றாகச் செய்தால்தான் கூடுதல் பணம் என்று சொல்லப்பட்டவர்கள் உறவினரைக் குறைத்து, கூட வேலை பார்த்தவர்களை அழைத்து வந்தார்கள். தனக்கு ஏதாவது பணயம் இருந்தால்தான் மனிதர் யோசித்துச் சிபாரிசு செய்கிறார்.

சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் நடக்கும் நிஜமான ரெஃபரல் இப்படித்தான் இயங்குகிறது. உள்ளே இருக்கும் ஊழியர் உங்கள் ரெஸ்யூமை கம்பெனியின் ரெஃபரல் பக்கத்தில் ஏற்றுவார். டெஸ்ட், இன்டர்வியூ எல்லாம் நீங்கள்தான் தாண்ட வேண்டும். நீங்கள் சேர்ந்து சில மாதம் தங்கினால் பல இடங்களில் அவருக்கு போனஸ் உண்டு. அந்தப் பணத்தைக் கொடுப்பது கம்பெனி. அவர் அனுப்பியவர்கள் தொடர்ந்து சொதப்பினால் அடுத்த முறை அவர் பேச்சு எடுபடாது. அதனால் நிஜமான சீனியர் தயங்குவார். “உன் ப்ராஜெக்டைப் பத்தி முதல்ல சொல்லு” என்பார். “கிடைக்கும்னு சொல்ல முடியாது, போட்டுப் பாக்கறேன்” என்பார். இந்தத் தயக்கத்தைக் கேட்டால் நம்புங்கள்.

‘கண்டிப்பா கிடைக்கும்’ என்று சொல்பவரிடமிருந்து விலகுங்கள். முதலில் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், பிறகு ட்ரெயினிங், பிறகு லேப்டாப்புக்கு டெபாசிட் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கறப்பார்கள். ‘பேக்டோர்’ என்று பச்சையாகவே சொல்வார்கள். கம்பெனிப் பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறிய முகவரியிலிருந்து மெயில் வரும். வேலை பார்க்காத கம்பெனியில் பார்த்ததாக எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டும் வாங்கித் தருவார்கள். பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் உங்கள் பி.எஃப். கணக்கைப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். வேலை போகும், உங்கள் பெயரும் கெடும். சர்டிஃபிகேட் கொடுத்தவர் அதற்குள் வேறு நம்பரில் இருப்பார்.

அரசு வேலை என்றால் இழப்பு இன்னும் பெரிது. 2019 செப்டம்பரில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை நினைத்துப் பாருங்கள். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர், சில மணி நேரத்தில் மறையும் மையில் விடை குறித்தார்கள். இடைத்தரகர்கள் பிறகு சரியான விடையை நிரப்பினார்கள். 2020 ஜனவரியில் 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை போட்டது. ‘ஆள் இருக்கு’ என்று நம்பிப் போனவர்கள், நேர்மையாக எழுதித் தோற்றிருந்தால் அடுத்த தேர்வில் மறுபடி எழுதியிருக்கலாம். லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி என்று 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டும் விலக்கு உண்டு.

வெளிநாட்டு வேலையில் பணத்தோடு நிற்பதில்லை, உயிருக்கே வினை. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று ஏஜென்ட்டுகள் மூலம் போன நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அடுத்த மாதம் தமிழகத்தைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டு வந்தார்கள். எச்சரித்தும் நிற்கவில்லை. 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கூட்டி வர வேண்டியிருந்தது. ‘டூரிஸ்ட் விசால போ, அங்க மாத்திக்கலாம்’ என்று யாராவது சொன்னால், சொல்வது சொந்த அண்ணனாகவே இருந்தாலும் போகாதீர்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இமைகிரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ. 30,000-மும் ஜி.எஸ்.டி.யும்தான். மூன்று லட்சம் கேட்பவர் பதிவு எண் காட்டினாலும் சட்டத்தை மீறுகிறார்.

இந்த வலையில் எளிதில் விழக்கூடியவர்கள் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். உள்ளே உண்மையான ஆள் இல்லாதவர்களிடம்தான் பொய்யான ஆள் விலை போகிறார். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், லிங்க்ட்இனில், இன்டர்ன்ஷிப் செய்த இடத்தில் அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ‘வேலை வாங்கித் தாங்க’ என்று கேட்காமல், ‘உங்க டீம்ல என்ன எதிர்பார்க்கறாங்க, எப்படித் தயாராகணும்’ என்று கேளுங்கள். பலர் பதில் சொல்வார்கள். அதற்குக் காசு ஆகாது.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் சென்னையில் மத்தியக் குற்றப்பிரிவிலும், மற்ற ஊர்களில் மாவட்டக் குற்றப்பிரிவிலும் புகார் கொடுங்கள். புரோக்கர் இப்போது உங்களிடம் வேறு மாதிரி பேசுவார்: “இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா, உன் பணத்தைத் திருப்பித் தந்துடறேன்.” உங்கள் நண்பனின் நம்பரை அவருக்குக் கொடுத்த நிமிடம் முதல் போலீஸ் கணக்கில் நீங்களும் ஏஜென்ட். கொடுக்காதீர்கள்.