சாய்வு சொல்லும் சங்கதி

ஒரு மனையின் நான்கு மூலைகள் வரைபடத்தாளில் இப்படிக் குறிக்கப்பட்டுள்ளன: அ (2, 1), ஆ (8, 4), இ (6, 8), ஈ (0, 5). இது சரியான செவ்வகமா? பாகைமானியைத் தொடாமலே சொல்லிவிடலாம். சாய்வு தெரிந்தால் போதும்.

ஒரு கோட்டின் வழியே இடமிருந்து வலமாகப் போகும்போது ஏறுகிற உயரத்தை, கடந்த கிடைத்தூரத்தால் வகுத்தால் வருவது சாய்வு. கோடு இறங்கினால் அது குறை எண்.

அஆ பக்கத்தில் 6 அலகு வலப்புறம் போக, 3 அலகு ஏறுகிறோம். சாய்வு 1/2. எதிரே உள்ள ஈஇ பக்கத்திலும் 6-க்கு 3, அதே 1/2. இரண்டும் ஒரே அளவில் ஏறுவதால் நடுவிலுள்ள இடைவெளி குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. எவ்வளவு நீட்டினாலும் அவை சந்திக்காது. அதுவே இணை.

மற்ற இரு பக்கங்களும் 2 அலகு வலப்புறம் போக 4 அலகு இறங்குகின்றன. சாய்வு -2. அவையும் இணை.

இனி மூலை. 1/2-ஐ -2-ஆல் பெருக்கினால் -1. சாய்வுகளின் பெருக்கற்பலன் -1 என்றால் கோடுகள் செங்குத்து. காரணம் எளியது. '6 வலம், 3 மேல்' என்ற நகர்வைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள். வலம் போன 6 மேலே போகும். மேலே போன 3 இடப்பக்கம் போகும். பின்னம் தலைகீழாகிறது, குறியும் மாறுகிறது. அதனால்தான் எப்போதும் -1. நம் மனை செவ்வகமேதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நேர் நிமிர்ந்த கோட்டில் கிடைத்தூரம் 0. பூச்சியத்தால் வகுக்க முடியாது. ஆகவே அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. அத்தகைய கோடுகள் தமக்குள் இணை; கிடைக்கோட்டுக்குச் செங்குத்து.

கண்ணை மட்டும் நம்பக் கூடாது. 7/10, 5/7 சாய்வுள்ள இரு கோடுகள் பார்வைக்கு இணைபோலவே தெரியும். எக்ஸ் மதிப்பு 0-இல் முதல் கோடு 1 அலகு மேலே இருந்தால், 70-இல் இரண்டும் வெட்டிக்கொள்ளும். அச்சுகளின் அளவுத்திட்டம் வேறுபட்டால் செங்கோணமும் கோணலாகத் தெரியும். எண்கள் ஏமாற்றாது.

பத்தாம் வகுப்பு மாணவர்களே, இந்த விதியை மனப்பாடம் செய்யாதீர்கள். கட்டத்தாளில் ஒரு கோடு வரைந்து, தாளைக் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். பிறகு அது மறக்காது.