மெலிந்த குதிரைக்கு அளந்து வையுங்கள் தீனி

மெரினா மணலில் சவாரிக்கு நிற்கும் குதிரையோ, ஊட்டித் தெருக்களில் திரியும் மட்டக்குதிரையோ, அந்தியூர் சந்தையில் கைமாறி வந்த வண்டிக் குதிரையோ விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிய நின்றால் பார்க்கிற யாருக்கும் மனம் பதைக்கும். ஒரு பாக்கெட் ரொட்டி, ஒரு வாளி கொள்ளு, கொஞ்சம் வெல்லம் என்று கையில் கிடைத்ததைக் கொண்டுபோய் வைக்கத் தோன்றும். 2020 ஊரடங்கில் கடற்கரையும் மலைவாசத்தலங்களும் மூடிக் கிடந்தபோது குதிரைக்காரர்களின் வருமானம் நின்றது. வருமானம் நின்றால் அடுத்து நிற்பது தீவனம்தான். அந்த நாள்களில் பலர் இரக்கப்பட்டு உதவினார்கள்.

இரக்கம் நல்லது. ஆனால் பல வாரம் பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரே நாளில் வயிறு நிறையத் தானியம் வைத்தால் அது ஒரு வாரத்துக்குள் செத்துப்போகலாம். இந்தச் சாவைத் தடுக்க முடியும். அதற்கு மருந்தைவிட அளவும் பொறுமையும்தான் முக்கியம்.

எவ்வளவு மெலிவு?

எல்லா மெலிவும் பட்டினி அல்ல. பந்தயக் குதிரைக்கு விலா லேசாகத் தெரிவது அதன் உடல்வாகு. மார்வாரி, கத்தியவாரி இனங்களும் இயல்பிலேயே ஒல்லியானவை. அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கையால் தடவிப் பார்க்க வேண்டும். மலைக்குளிரில் வளர்ந்த மட்டக்குதிரைகளின் அடர்ந்த ரோமத்துக்கு அடியில் எலும்பு ஒளிந்திருக்கும். கை வைத்தால்தான் தெரியும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னெக் 1983இல் வெளியிட்ட அளவுகோலைத்தான் இன்றும் உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கழுத்து, தோள்மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, முதுகு, வால் பிறக்கும் இடம் ஆகிய ஆறையும் தொட்டுப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 நடுத்தரம்: விலா கண்ணுக்குத் தெரியாது, தடவினால் எளிதில் தட்டுப்படும். 3 என்றால் மெலிவு. 1 என்றால் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி, எங்கும் கொழுப்பே இல்லாத நிலை. 3, 4 என்ற மதிப்பெண்ணில் இருக்கிற குதிரைக்குக் காரணத்தைக் கண்டுபிடித்து உணவைத் திருத்தினால் போதும். 1, 2 என்றால் அது நோயாளி. வைக்கிற ஒவ்வொரு பிடியையும் மருந்தைப் போல எண்ணி வைக்க வேண்டும்.

எடை போடும் மேடை இல்லாவிட்டால் தையல்காரரின் டேப் போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தை எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 135 என்றால் சுமார் 220 கிலோ.

சாப்பாடு எப்படிக் கொல்கிறது?

தீனி நின்றதும் குதிரையின் உடல் முதலில் சேமித்து வைத்த சர்க்கரையை எரிக்கிறது, பிறகு கொழுப்பை. கொழுப்பும் தீர்ந்தபின் தசையைக் கரைக்கத் தொடங்குகிறது. அதில் இதயத் தசையும் உண்டு. இப்படிக் குறைந்த செலவில் ஓடிக்கொண்டிருக்கும் உடலுக்குள் திடீரென்று மாவுச்சத்து வந்து விழுந்தால் இன்சுலின் பாய்ந்து சுரக்கிறது. அது சர்க்கரையைச் செல்களுக்குள் தள்ளும்போது ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியத்தையும் கூடவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் இவை சரிந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசைகள் தளரும், நரம்புகள் ஒத்துழைக்காது. பெரும்பாலும் தீனி தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இது நடக்கிறது. ‘நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தது, திடீரென்று விழுந்துவிட்டதே’ என்று உரிமையாளர் கலங்குவது இதனால்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட போர்க்கைதிகளுக்கும் இதுவே நேர்ந்தது. நீண்ட நாள் உண்ணாமல் இருந்தவர்களுக்கு மருத்துவமனைகளில் உணவை மெல்ல மெல்லக் கூட்டுவதும் இதே காரணத்தால்தான்.

இன்னோர் ஆபத்து குடலில் இருக்கிறது. உடம்போடு ஒப்பிட்டால் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது. பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான். உண்டது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதனால் வாந்தியும் எடுக்க முடியாது. சிறுகுடல் செரிக்க முடியாத மாவுச்சத்து அப்படியே பெருங்குடலுக்குப் போகும். நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக்கும் நுண்ணுயிர்கள் அங்கேதான் வாழ்கின்றன. மாவு அங்கே புளித்தால் அமிலம் ஏறி அவை கூட்டமாகச் சாகும். விளைவு கோலிக் என்கிற கடும் வயிற்றுவலி, அல்லது குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்கவே முடியாமல் போகும் லேமினைட்டிஸ். கஞ்சி, சோறு, ரொட்டி, பிஸ்கட், வெல்லத் தண்ணீர் எல்லாமே பட்டினிக் குதிரைக்கு இந்த வழியைத்தான் திறந்துவிடுகின்றன.

முதல் பத்து நாள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினியால் வாடிய குதிரைகளுக்கு காய்ந்த ஓட்ஸ் புல், தானியம் கலந்த தீவனம், குதிரை மசால் என்கிற தீவனப் பயிர் ஆகிய மூன்றையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குதிரை மசால்தான் முந்தியது. அதில் மாவுச்சத்து குறைவு என்பதால் இன்சுலின் எகிறுவதில்லை. புரதம் அதிகம். பாஸ்பரஸும் மக்னீசியமும் கூடவே வருகின்றன.

அவர்கள் பரிந்துரைத்த முறை இதுதான். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இலை நிறைந்த காய்ந்த குதிரை மசால் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. இரவிலும் நிறுத்தக் கூடாது. அப்படி ஒரு நாளைக்கு மொத்தம் 2.7 கிலோ வரும். நான்காம் நாளிலிருந்து அளவைக் கூட்டிக்கொண்டே வேளைகளைக் குறைக்க வேண்டும். ஆறாம் நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய 2 கிலோ. பத்தாம் நாளுக்குப் பிறகு அது தின்கிற அளவு. நம் ஊரில் சவாரிக்கு நிற்கும் 220 கிலோ குதிரைக்கு இதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள்களில் வேளைக்குச் சுமார் 220 கிராம். பார்த்தால் ஒரு கைப்பிடிபோல் இருக்கும். குதிரை இன்னும் கேட்டுக் கனைக்கும். அப்போது மனம் இளகிக் கூடுதலாக வைத்துவிடாமல் இருப்பதுதான் இந்தச் சிகிச்சையிலேயே கடினமான பகுதி.

சுத்தமான தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பத்து நாள் கடந்ததும் நக்குவதற்கு ஓர் உப்புக் கட்டியும் வையுங்கள். முடிந்தால் இந்தப் பத்து நாளும் கால்நடை மருத்துவர் ஒருவர் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் பார்த்துக்கொள்ளட்டும். நடுக்கம், தள்ளாட்டம், கால் வீக்கம், தீனியைத் திடீரென்று மறுப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது.

குதிரை மசால் கிடைக்காத இடத்தில் இளசாக அறுத்துக் காயவைத்த நல்ல புல் இருந்தால் அதே சிறு அளவுகளில் கொடுக்கலாம். நெல் வைக்கோல் மட்டும் வேண்டாம். அதில் சத்து மிகக் குறைவு. தளர்ந்த குடலை அடைத்துக்கொள்ளவும் செய்யும். மாட்டுக்கு வெட்டிப் போடுகிற சவுண்டல் தழையையும் போடாதீர்கள். அதில் இருக்கும் மைமோசின் என்ற நச்சு குதிரைக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரச் செய்யும்.

புல்தான் அடித்தளம், கொள்ளு மேல்பூச்சு

ஆபத்தான நாள்கள் கடந்தபின்தான் உடம்பு தேற்றும் வேலை தொடங்குகிறது. பெரும்பாலானோர் தானியத்தைக் கூட்டுவது இந்தக் கட்டத்தில்தான். நான் முதலில் நாரைக் கூட்டச் சொல்வேன். குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் 2 சதவீதமாவது உலர்தீவனம் தின்ன வேண்டும். 220 கிலோ குதிரைக்கு 4.4 கிலோ. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் அதே சத்துக்கு 22 கிலோ பச்சைப் புல் தேவை. ஒரு சிறு கட்டைப் போட்டுவிட்டுப் ‘புல் போட்டேன்’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். குதிரை நாள் முழுதும் மெல்லப் பிறந்த பிராணி. இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரப்பதால் வெறும் வயிறு புண்ணாகும். புண் வந்தால் தீனி செல்லாது, மெலிவு தொடரும்.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எங்கும் எளிதில் கிடைக்கிறது. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதை மட்டுமே மாதக்கணக்கில் போடாமல் வேறு புல்லும் குதிரை மசாலும் கலக்க வேண்டும். இதோடு தவிடும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பாகும். கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு இரண்டிலும் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. வாளி வாளியாகத் தவிடு தின்னும் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். முக எலும்பு புடைத்து வீங்கும், கால் நொண்டும். தவிடு கொஞ்சமாக இருக்கட்டும். கூடவே மருத்துவர் சொல்லும் சுண்ணாம்புச் சத்துள்ள தாது உப்பும் இருக்கட்டும்.

கொள்ளு நல்ல தீனிதான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். கரைந்துபோன தசையைக் கட்ட அது வேண்டும். ஊறவைத்து வேகவைத்த கொள்ளை நூறு கிராமில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். சிறு குதிரைக்கு வேளைக்கு அரை கிலோவைத் தாண்ட வேண்டாம். ஒரே வேளையாகக் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து, புல் தின்ற பிறகு வையுங்கள்.

கலோரி இன்னும் வேண்டுமென்றால் எண்ணெய் வழி இருக்கிறது. மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கும் மேல் ஆற்றல், குடலில் புளிக்கும் பயமும் இல்லை. தவிட்டு எண்ணெயோ சோயா எண்ணெயோ ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கி மூன்று வாரத்தில் சிறு குதிரைக்கு நாளொன்றுக்கு 100 மில்லி வரை போகலாம். லத்தி இளகினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோழித் தீவனத்தைக் குதிரை இருக்கும் பக்கமே கொண்டுவராதீர்கள். அதில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்து கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரைக்கு இதயத் தசையைச் சிதைக்கும். சில மாட்டுத் தீவனங்களிலும் அது உண்டு. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே அழித்துவிடும். கழித்த தானியம் மலிவு என்று வாங்கிப் போடாதீர்கள்.

தின்றும் தேறாவிட்டால்

நன்றாகத் தின்கிற குதிரையும் மெலிந்தே இருந்தால் வாயைத் திறந்து பாருங்கள். குதிரையின் கடைவாய்ப் பல் வாழ்நாள் முழுதும் முளைத்துக்கொண்டே தேய்வது. சமமாகத் தேயாவிட்டால் ஓரம் கத்தியாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பாதி மென்ற புல் உருண்டைகள் தரையில் விழுந்து கிடந்தால் பல்லை அராவ ஆள் வேண்டும் என்று பொருள்.

அடுத்தது குடற்புழு. லத்தியில் முட்டை எண்ணிப் பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். எலும்பும் தோலுமான குதிரைக்கு முதல் நாளே கடும் மருந்து கொடுத்தால் ஒரே நேரத்தில் சாகும் புழுக்களால் குடல் வீங்கும். எந்த நாளில் கொடுப்பது என்று மருத்துவர் குறிக்கட்டும். கடற்கரைக் குதிரைகளுக்கு மணல் தனிக் கவலை. தரையில் போட்ட புல்லோடு மணலும் உள்ளே போய்ப் பெருங்குடலில் படிகிறது. சில லத்தி உருண்டைகளைத் தண்ணீரில் கரைத்துக் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டால் அடியில் மணல் தங்குவது தெரியும். ஊட்டியில் குப்பைமேட்டில் மேயும் குதிரைகளுக்கு மணலுக்குப் பதில் பிளாஸ்டிக். விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடு மெலிவு இருந்தால் சர்ரா நோய்க்கு ரத்தப் பரிசோதனை தேவை. மூக்கில் சளியும் தோலில் கட்டிகளும் சேர்ந்திருந்தால் கிளாண்டர்ஸ் என்று சந்தேகிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். உடனே அரசு மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய நோய்.

சேணம் எப்போது?

முதல் மாதத்தில் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. 500 கிலோ குதிரை ஒரு மதிப்பெண் ஏறவே 16 முதல் 20 கிலோ கூட வேண்டும். மோசமாகப் பட்டினி கிடந்த குதிரை பழைய உடம்புக்கு வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். வாரம் ஒரு முறை அதே டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். தோள்மேடு துருத்தி நிற்கும்வரை சேணம் போட வேண்டாம்; போட்டால் புண்ணாகும், தேறிய எடையும் கரையும். வேலைக்குத் தகுதியில்லாத பிராணியை வேலை வாங்குவதும் போதிய தீனி வைக்காமல் விடுவதும் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஆனால் சவாரிக்காரர் பலருக்கு அந்தக் குதிரை ஒன்றுதான் பிழைப்பு. மெலிந்த குதிரையைக் கண்டால் அவரோடு சண்டைக்கு நிற்பதற்கு முன் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணைச் சொல்லுங்கள், கூப்பிடவும் உதவுங்கள். பிஸ்கட் வாங்கும் பணத்துக்கு ஒரு கட்டு நல்ல புல்லோ குதிரை மசாலோ வாங்கி அவர் கையில் கொடுங்கள். மணலில் போடாமல் தொட்டியில் போடச் சொல்லுங்கள்.