பெரியப்பா வந்தால் மாமா வரமாட்டார்

மறுபடியும் முதல் பெஞ்ச் – 7

விடைகள் வெளியான அன்று காலை, அடுப்பில் பால் பொங்குவதற்குள் செல்போனை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் வாரம்: பத்துக்கு நான்கு. பால் பொங்கி வழிந்தது.

முதல் நான்கு வாரங்களில் வாங்கியது 9, 8, 8, 7. ஐந்தாம் வாரத்து நான்கையும் சேர்த்தால் சராசரி 7.2. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால், அதாவது இடைநிலை அளவு, 8. யாராவது கேட்டால் 8 என்றுதான் சொல்வேன். இரண்டாம் வாரப் பாடம் எனக்குக் கற்றுத்தந்த சாமர்த்தியம் அது. பன்னிரண்டு வாரத்தில் சிறந்த எட்டு மட்டும்தான் கணக்கில் வரும் என்பதால் இந்த நான்கு தானாகவே கழிந்துவிடும் என்று மகள் போனில் ஆறுதல் சொன்னாள். குறைந்ததை எண்ணாமல் விட்டால் சராசரி உயரத்தானே செய்யும்? புள்ளியியல் பாடத்துக்கே இப்படி மார்க் போடுகிறார்களே என்று சிரிப்பு வந்தது.

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: எனக்கு வயது 51. கூட்டுறவு வங்கியில் காசாளர். படித்தது பி.ஏ. வரலாறு. பத்தாம் வகுப்போடு கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டவன். மகள் கல்லூரிக்குப் போனபின் வெறிச்சோடிய மாலைகளை என்ன செய்வது என்று தெரியாமல், ‘ஸ்வயம்’ இணையதளத்தில் கல்லூரி முதலாண்டு அளவிலான புள்ளியியல், நிகழ்தகவுப் பாடத்தில் சேர்ந்தேன். பார்ப்பதற்குக் காசில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்கு ஆயிரம் ரூபாய். வாராந்தரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், கடைசியில் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. காசைக் கட்டிவிட்டேன். கட்டிய காசு வீணாகக்கூடாது என்பதுதான் இன்றுவரை என்னை இழுத்துக்கொண்டு போகும் பெரிய சக்தி.

நான்கு மதிப்பெண்ணுக்குப் பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. மூன்றாம் வாரம் வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடலாம் என்று கண்டுபிடித்திருந்தேன். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஓடும் பாடம் நூறு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சம் ஐம்பது நிமிடம். பேராசிரியர் கரும்பலகையில் போடும் ஒவ்வொரு வரிக்கும் “ஆமாம், சரிதான்” என்று தலையாட்டிக்கொண்டே பார்ப்பேன். தலையாட்டுவதற்கும் புரிவதற்கும் உள்ள தூரம், பேனாவை எடுத்தால்தான் தெரிகிறது.

தவறிய ஆறு கேள்விகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு ஒரே குழியில் விழுந்தவை. ஒரு மாதிரி: ஒரு நிகழ்ச்சிக்கு வாய்ப்பு 0.4, இன்னொன்றுக்கு 0.5. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். இரண்டும் சேர்ந்து நடக்க என்ன வாய்ப்பு? நான் பெருக்கி 0.2 என்று போட்டிருந்தேன். சரியான விடை பூஜ்யம்.

ஏன் பெருக்கினேன்? என் மண்டைக்குள் ‘ஒன்றையொன்று விலக்கும்’ என்பதும் ‘சாரா’ என்பதும் ஒரே பாயில் படுத்திருந்தன. ஆங்கிலத்தில் வகுப்பு நடக்கிறது. மியூச்சுவலி எக்ஸ்க்ளூசிவ் என்றார்கள், இண்டிபெண்டன்ட் என்றார்கள். இரண்டுமே ‘அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை’ என்பது மாதிரித்தான் என் காதில் விழுந்தது. விலகி நிற்பவர்களுக்குள் என்ன சம்பந்தம் இருக்க முடியும்? இதை யாரிடம் கேட்பது? வீடியோவில் இருப்பவரிடம் கேட்க முடியாது. வாரம் ஒருநாள் நேரலையில் சந்தேகம் தீர்க்கும் வகுப்பு உண்டுதான். அந்த நேரத்தில் நான் கவுன்ட்டரில் நகைக்கடன் பட்டுவாடா செய்துகொண்டிருப்பேன்.

கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் புலம்பினேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். கேள்வியை வாசித்துக் காட்டினேன். புரியவில்லை என்றாள். எனக்கே புரியாததை நான் வாசித்தால் அவளுக்கு எப்படிப் புரியும்? சரி என்று, நம் வீட்டு விஷயமாகவே சொன்னேன்.

எங்கள் பெரியப்பாவுக்கும் மனைவியின் தாய்மாமாவுக்கும் பதினான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் ஒரு வரப்பு. ஒருவர் வரும் விசேஷத்துக்கு இன்னொருவர் வரமாட்டார். “பெரியப்பா வர்றது ஒண்ணு, உங்க மாமா வர்றது ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து நடக்காது. அப்ப ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னுதானே அர்த்தம்?” என்றேன்.

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “ஏங்க, சம்பந்தமே இல்லைன்னா நான் எதுக்கு ஒவ்வொரு விசேஷத்துக்கும் முந்தின நாள் போன் போட்டு, ‘அவரு வர்றாரா, அவரு வர்றாரா’ன்னு விசாரிச்சுக்கிட்டுக் கெடக்கேன்? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத்தானே முடிவு பண்றாங்க. இதைவிட என்ன சம்பந்தம் வேணும்?”

ஐந்து வாரத்தில் இவ்வளவு தெளிவாக எனக்கு எதுவும் விளங்கியதில்லை.

பெரியப்பா மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார் என்று தெரிந்த கணத்தில் மாமா வருவதற்கான வாய்ப்பு பூஜ்யமாகிவிடுகிறது. ஒன்றைப் பற்றிய சேதி இன்னொன்றின் வாய்ப்பை அடியோடு மாற்றுகிறது. இதற்குப் பெயர் சார்பு. சாதாரணச் சார்புகூட இல்லை, முழுச் சார்பு. சாரா நிகழ்ச்சி என்றால் வேறு. பெரியப்பா வருவதும், சமையல்காரர் ரசத்தில் உப்பைக் கூட்டிவிடுவதும். பெரியப்பா வந்துவிட்டார் என்ற சேதியை வைத்து ரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பத்துக் கல்யாணத்தில் ஐந்துக்குப் பெரியப்பா வருவார், பத்தில் இரண்டில் உப்புக் கரிக்கும் என்றால், அவர் வந்த ஐந்திலும் அதே விகிதத்தில் ஒன்றில்தான் கரிக்கும். ஆகப் பத்தில் ஒன்று. இங்கேதான் பெருக்கலாம். இங்கே மட்டும்தான் பெருக்கலாம்.

இந்த ‘இங்கே மட்டும்’ என்பதை மறந்ததற்கு எனக்குப் போனது நான்கு மதிப்பெண். இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் சிறை.

அவர் பெயர் சாலி கிளார்க், வழக்கறிஞர். 1996-இல் ஒரு கைக்குழந்தை, 1998-இல் இன்னொன்று, இரண்டும் திடீரென்று இறந்துபோயின. கொன்றுவிட்டார் என்று வழக்கு. 1999-இல் நடந்த விசாரணையில் ராய் மெடோ என்ற பிரபலமான குழந்தை மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். அவர்களுடையது போன்ற வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறக்க வாய்ப்பு 8,543-இல் ஒன்று. இரண்டு குழந்தைகள் அப்படி இறக்க? 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கினார். ஏறத்தாழ 7.3 கோடியில் ஒன்று. ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை.

நான் செய்த அதே பெருக்கல். ஒரே வீடு, ஒரே தாய் தந்தை, ஒரே ரத்தம். முதல் குழந்தைக்கு நேர்ந்ததற்கு ஏதோ ஒரு பரம்பரைக் காரணம் இருந்தால் அது இரண்டாவதற்கும் இருக்காதா? இரண்டு சாவும் ஒன்றையொன்று சாராதவை என்று யார் நிரூபித்தார்கள்? 2001 அக்டோபரில் இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழகம் பகிரங்கமாக அறிக்கை விட்டது: அந்த 7.3 கோடிக்குப் புள்ளியியலில் ஆதாரமில்லை. 2003 ஜனவரியில் இரண்டாவது மேல்முறையீட்டில் சாலி கிளார்க் விடுதலையானார். மறைக்கப்பட்டிருந்த ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவு வெளிவந்ததே அதற்கு முக்கியக் காரணம். அந்த எண்ணையும் நீதிமன்றம் கண்டித்தது. விடுதலையாகி நான்கு வருஷத்தில், 2007-இல், இறந்துபோனார்.

இந்த வழக்கில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது. அதுவும் ஐந்தாம் வாரப் பாடம்தான். இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறக்க 7.3 கோடியில் ஒன்றுதான் வாய்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தாய் நிரபராதியாக இருக்க 7.3 கோடியில் ஒன்றுதான் வாய்ப்பு என்று அதற்குப் பொருளில்லை. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும்தானே அரிதிலும் அரிது? இரண்டு அரிதுகளையும் தராசில் வைத்தல்லவா பார்க்க வேண்டும். பேய்ஸ் தேற்றம் என்று வீடியோவில் இதைச் சூத்திரமாக எழுதியபோது எனக்குக் கண் இருட்டியது. மறுநாள் கவுன்ட்டரில் உட்கார்ந்தபோது தெளிந்தது.

எங்கள் நோட்டு எண்ணும் மெஷின் கள்ளநோட்டு என்று சந்தேகப்பட்டால் கத்தும். கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் நோட்டில் பத்து கள்ளநோட்டு. அதில் ஒன்பதை மெஷின் பிடித்துவிடும். நல்ல நோட்டிலும் நூற்றுக்கு ஒன்றைப் பார்த்துக் கத்தும். நல்ல நோட்டு 9,990, அதில் சுமார் நூறு. ஆக மொத்தம் 109 தடவை கத்தினால், உண்மையான கள்ளநோட்டு ஒன்பது. நூற்றுக்கு ஒன்பதுகூட முழுசாக இல்லை. மெஷின் கத்தினால் நாங்கள் எதிரே நிற்பவரைத் திருடனைப் போலப் பார்ப்பதில்லை. நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். பெரும்பாலும் செல்லோடேப் ஒட்டியதாகவோ மஞ்சள் கறை பட்டதாகவோ இருக்கும். இருபத்தாறு வருஷமாகப் பேய்ஸ் தேற்றத்தைக் கையால் செய்துகொண்டிருந்திருக்கிறேன், பெயர்தான் தெரியாது.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கதியையும் இங்கே சொல்ல வேண்டும். கீரை ஆய்ந்துகொண்டே மனைவி என்னைத் திருப்பிக் கேட்டாளே, அது என்னை சி. ஆர். ராவிடம் கொண்டுபோய் விட்டது. 1920-இல் பிறந்தவர், நம் நாடு தந்த மிகப்பெரிய புள்ளியியலாளர்களில் ஒருவர். இருபதுகளில் கல்கத்தாவில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள், மாதிரி மிகப்பெரியதாக இருந்தால் பொருந்தும் ஒரு முடிவை விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: சிறிய மாதிரிக்கும் இதை நிரூபிக்க முடியுமா? ராவிடம் விடை இல்லை. அன்றிரவு உட்கார்ந்து யோசித்தார், மறுநாள் வகுப்பில் விடையோடு வந்தார். அந்த விடை 1945-இல் கட்டுரையாக அச்சானது. அதிலிருந்து வந்ததுதான் இன்று உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும் கிராமர்–ராவ் வரம்பு. புள்ளியியலின் நோபல் என்று சொல்லப்படும் சர்வதேசப் பரிசு அவருக்கு 2023-இல், 102 வயதில் கிடைத்தது. அந்த ஆண்டே காலமானார். கேள்வி கேட்ட மாணவர் வி. எம். தாண்டேகர். பின்னாளில் இந்திய வறுமையைப் பற்றி ஆராய்ந்து பெயர்பெற்ற பொருளாதார அறிஞர்.

தாண்டேகர் ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ பார்த்திருந்தால்? தலையாட்டியிருப்பார். ராவும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். சாலி கிளார்க் வழக்கு நடந்த செஸ்டர் நகர நீதிமன்றத்தில் சாட்சி பெருக்கிக் காட்டிய அன்றைக்கு, ‘ஏங்க, ரெண்டுக்கும் சம்பந்தமில்லைன்னு எப்படிங்க சொல்றீங்க?’ என்று அதே இடத்தில் மடக்க ஒருவர் இருந்திருந்தால் என்றும் தோன்றுகிறது.

ஆன்லைன் படிப்பில் எல்லாம் இருக்கிறது. நல்ல ஆசிரியர், கணீரென்ற குரல், எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுப் பார்க்கும் வசதி. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து விலாவில் இடித்து, “டேய், எனக்குப் புரியலடா” என்று சொல்லும் ஒருவன் மட்டும் இல்லை. அவன் புரியவில்லை என்று சொன்னால்தான் நமக்கும் புரியவில்லை என்பது நமக்கே தெரியும். அதனால் ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். சாதாரண வேகம். கையில் நாற்பது பக்க நோட்டு. பேராசிரியர் ஒரு கணக்கை எழுதியதும் வீடியோவை நிறுத்திவிட்டு நானே போட்டுப் பார்ப்பது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைய பாடத்தை மனைவிக்குச் சொல்வது. அவள் “சரி” என்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது. “அதெப்படி?” என்றால்தான் நிம்மதி.

ஒரே சிக்கல், இப்போது இரண்டரை மணி நேரப் பாடம் ஆறு மணி நேரம் ஆகிறது. அதோடு பெரியப்பாவையும் மாமாவையும் வைத்து நான் கணக்குப் போடுகிறேன் என்று குடும்பத்துக்குள் சேதி போய்விட்டது. மாமாவுக்கு வருத்தம். பெரியப்பா, “என் பேரை முதல்ல போட்டானா?” என்று மட்டும் கேட்டாராம்.

ஆறாம் வாரம் பத்துக்கு ஏழு. தவறிய மூன்றில் ஒன்று, கேள்வியில் ‘சாரா’ என்ற சொல்லே இல்லாதபோது நான் பெருக்கியது.

(தொடரும்)