பாத்திரம் கழுவாமல் ஜென்னா?

சென்னையில் ஓர் ஐ.டி. அலுவலகம். மதியம் மூன்று மணி. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் நாற்பது நிமிட வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். விரிப்புகளைச் சுற்றி முப்பது பேப்பர் கப் கிடந்தன. பாதிக்கு மேல் அடியில் ஆறிப்போன காபி. நீலச் சீருடையில் ஓர் அம்மா வந்தார். ஒவ்வொரு கப்பாக எடுத்து, மிச்சத்தைக் கையோடு கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பாவில் வடித்து, காலிக் கப்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிப் பையில் வைத்தார். அவசரப்படவும் இல்லை, சுணங்கவும் இல்லை.

வகுப்பின் தலைப்பு ‘வேலையில் ஜென்’. ஆனால் வேலையைப் பற்றி அங்கே ஒரு வார்த்தைகூட வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜென்னையும் வேலையையும் பிரிக்க முடியாதபடி முடிச்சுப் போட்டவர்களில் ஒருவர் ஜப்பானிய பௌத்தத் துறவி டோகன். 1223-ல் அவர் ஜப்பானிலிருந்து சீனாவுக்குக் கப்பலேறியபோது இருபத்து மூன்று வயது. கப்பல் சீனத் துறைமுகத்தில் நின்றிருந்த நாட்களில், அறுபதைக் கடந்த துறவி ஒருவர் ஜப்பானியக் காளான் வாங்க வந்தார். ஒரு மடத்தின் சமையல்காரர். ராத்திரி தங்கிப் பேசிவிட்டுப் போங்கள் என்று இளைஞர் கெஞ்சினார். முடியாது, நாளைய சமையலை நான்தான் கவனிக்க வேண்டும் என்றார் பெரியவர். இந்த வயதில் தியானம், படிப்பு என்று இல்லாமல் ஏன் இந்த அடுப்படி வேலை என்று டோகன் கேட்க, பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பயிற்சி என்றால் என்னவென்றே இந்தப் பிள்ளைக்குப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் நடையைக் கட்டினார்.

பிறகு தியான்தோங் மடத்தில் இன்னொரு சமையல்காரர். அறுபத்தெட்டு வயது, வில்லாக வளைந்த முதுகு, கையில் மூங்கில் தடி, தலையில் ஒரு துணிகூட இல்லை. உச்சிவெயிலில் காளானைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். வேலையாள் யாரையாவது விடக்கூடாதா என்றால், அடுத்தவர் செய்தால் அது நான் செய்ததாகுமா என்கிறார். வெயில் தாழட்டுமே என்றால், இந்த வேளையை விட்டால் வேறெந்த வேளை என்கிறார். டோகன் வாயடைத்துப்போனார்.

அந்த இரண்டு கிழவர்களும் தந்த பாடத்தை அவர் 1237-ல் எழுதினார். ‘டென்சோ கியோகுன்’ என்று பெயர். மடத்துச் சமையல்காரருக்கான அறிவுரை. அரிசியைக் களையும்போது கல்லையும் பார், மணியையும் பார், ஒரு மணிகூடத் தவறிவிடக் கூடாது என்கிறார். களைந்த நீரைக்கூட யோசிக்காமல் கொட்டிவிடக் கூடாதாம். பின்னாளில் 1244-ல் அவர் நிறுவிய எய்ஹெய்ஜி மடத்தில், ஓடையிலிருந்து மொண்ட அகப்பைத் தண்ணீரில் பாதியை ஓடைக்கே திருப்பி ஊற்றுவார் என்று இன்றும் சொல்கிறார்கள்.

இதைப் படித்தபோது என் பாட்டிதான் கண்முன் வந்தாள். முறத்தில் புடைத்த அரிசியை இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி அரிப்பாள். பாத்திரத்தைச் சாய்த்து ஒரு சுழற்று சுழற்றினால் அரிசி தண்ணீரோடு வழிந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் தங்கும். கடைசிப் பிடி வரும்போது பேச்சை நிறுத்திவிடுவாள். கல் எல்லாம் அந்தப் பிடியில்தானே இருக்கிறது. முதல் கழுநீர் மாட்டுக்கு. இரண்டாவது குழம்புக்கு.

ஆனால் ஒரு வித்தியாசம். சீன, ஜப்பானிய மடங்களில் சமையல்காரர் ஆறு முக்கியப் பொறுப்பாளர்களில் ஒருவர். பாட்டிக்கு எங்கள் வீட்டில் அப்படி ஒரு மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. அறுபது வருஷம் கல் அரித்தவளை ‘வீட்டில் சும்மாத்தான் இருக்கிறாள்’ என்றுதான் எங்கள் வீட்டு ஆண்கள் சொன்னார்கள்.

என் கவலை இங்கேதான். கையால் செய்யும் வேலையை நாம் கீழே தள்ளிவிட்டு, அமைதியை மட்டும் மேசைக்கு வரவழைத்துக்கொள்ளப் பார்க்கிறோம். சீனத்து ஜென் குரு பைஜாங் எண்பது வயதுக்கு மேலும் மண்வெட்டி பிடித்தவர் என்பார்கள். பாவம் என்று சீடர்கள் அதை ஒளித்துவைத்தபோது, வேலை செய்யாத அன்று சாப்பிட மறுத்துவிட்டார். மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தபின்தான் சோற்றில் கை வைத்தார். கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் 1996 முதல் ஒரு ஜென் மையம் இருக்கிறது. அங்கே தங்குபவர்களுக்கு உட்கார்ந்து தியானிப்பதோடு உடலுழைப்பு நேரமும் உண்டு. ‘சாமு’ என்பார்கள். அலுவலக வகுப்புகளில் முதலில் கழன்று விழுந்தது இந்தச் சாமுதான்.

ஓடி ஓடி உழைக்கும் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடமாவது மூச்சுவிடக் கிடைக்கிறதே என்றார் மனிதவளத் துறையில் இருக்கும் தோழி. அதுவும் நியாயம்தான். ஆனால் மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, மூச்சைக் கவனி என்று சொல்வதை என்னால் ஜென் என்று ஏற்க முடியவில்லை. டோகன் பாரத்தைத் தாங்கும் வித்தை சொல்லித் தரவில்லை. கையிலிருக்கும் காரியத்தை எந்த மனத்தோடு தொடுவது என்று சொன்னார். மூன்று மனங்களைக் குறிப்பிடுகிறார். மகிழ்ச்சியான மனம், விரிந்த மனம், நடுவே பெற்றவர்களின் மனம். தன் குளிரைப் பாராமல் குழந்தையைப் போர்த்துகிற மனம்.

அடுத்த வாரம் அதே அலுவலகத்துக்குப் போனபோது அந்த அம்மாவிடம் கேட்டேன், காபியோடு அப்படியே பையில் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று.

“போட்டா ஒழுகும் சார்” என்றார். “கீழ குப்பை வாங்குற பையன் அதைத் தோள்ல வெச்சுத்தான் தூக்கிட்டுப் போவான். அவன் சட்டையெல்லாம் ஆயிடும்.”