கப்பல் போனபின் கைகள்

1957 ஒக்டோபர் 15ஆம் நாள் திருக்கோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து நம்மவர் கைக்கு வந்தது. நாட்டுக்குப் பெருமையே, ஐயமில்லை. ஆயினும், கப்பல் பழுதுபார்த்தே வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அது வேலை தேடும் காலத்தின் தொடக்கமுமாயிற்று. சீனன்குடாவில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கியதோ 1980இல். இடையில் 23 ஆண்டுகள்!

2022இன் பொருளாதார நெருக்கடியிலும் வேலையிழந்தோர் பலர். அதனை மனைவியிடம் மறைத்து, காலையில் வழக்கம்போற் சட்டை மாட்டிப் புறப்படும் ஆடவரை நாம் அறிவோம். வெட்கம் சோறு போடுமா? அன்றிரவே சொல்லிவிட்டால் மறுநாட் செலவையாவது இல்லாள் சுருக்குவாள். சேவைக் கடிதத்தையும் கையோடு வாங்கிவிடுக. நிறுவனம் மூடியபின் ஒப்பமிட யாருளர்? ஏட்டுக்கல்வி குறைந்த வெல்டிங் தொழிலாளியும் தம் கைத்திறனைச் செய்து காட்டித் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற இன்று வழியுண்டு. தளத்தினின்று வெளியேறிய அன்றையோர்க்கு அவ்வழி இருக்கவில்லை.