உளவளத்துணையாளரின் வேலையை யார் பார்ப்பது?

புல்மோட்டையில் ஒருவர் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்து, வீட்டின் முன்னறையில் தனியாக உளவளத்துணை வழங்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருகோணமலை நகரம் தெற்கே 50 கிலோமீட்டருக்கு மேல். அறைக்குள் நடப்பது அவருக்கும் வந்தவருக்கும் மட்டுமே தெரியும். ஆறு மாதம் தவறான வழியில் போனாலும் சுட்டிக்காட்ட ஆளில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் மேற்பார்வை என்ற ஏற்பாடு வந்தது. அனுபவமுள்ள இன்னொருவரிடம், வந்தவரின் பெயரையும் அடையாளத்தையும் மறைத்து, தான் கேட்டதையும் சொன்னதையும் தடுமாறியதையும் எடுத்து வைத்துப் பேசுவது. முடிந்தால் உரையாடலின் ஒலிப்பதிவையே கேட்கக் கொடுப்பது. மேலதிகாரி வந்து பதிவேட்டைப் புரட்டுவதுபோல் அல்ல இது. 1920இல் பேர்லினில் திறக்கப்பட்ட உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை நிலையத்தில் பயிற்சியின் பகுதியாக வேரூன்றிய வழக்கம், இன்று பிரித்தானிய உளவளத்துணைச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற உறுப்பினருக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் என்ற நிபந்தனையாக இருக்கிறது. முப்பது ஆண்டு தொழில் செய்தவருக்கும் அதில் விலக்கில்லை. இலங்கையில் தனியாகத் தொழில் செய்பவரை அப்படி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை.

மூத்தவருக்கு எதற்கு மேற்பார்வை என்று கேட்பது இயல்பு. 2012இல் அமெரிக்க ஆய்வாளர் வால்ஃபிஷும் குழுவினரும் தனியாகத் தொழில் செய்யும் 129 உளநலப் பணியாளரிடம் அவரவர் திறனை மதிப்பிடச் சொன்னார்கள். தான் சராசரிக்குக் கீழே என்று ஒருவரும் சொல்லவில்லை. கால்வாசிப் பேர் தம்மை முதல் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார்கள். கணக்கே உதைக்கிறது. கோல்ட்பேர்க் குழுவினர் 2016இல் 170 சிகிச்சையாளரின் பல ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தபோது, அனுபவம் கூடக்கூட அவர்களிடம் வந்தவர்கள் பெற்ற பலன் சராசரியாகச் சற்றே குறைந்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் கூடவில்லை. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல: வராமல் நின்றுவிட்டவர் ஏன் நின்றார் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. தவறு கண்ணில் படாத தொழிலில் ஆண்டுகள் தாமாக எதையும் கற்றுத் தருவதில்லை.

நம் கரையில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. 2004 சுனாமி இந்தக் கிழக்குக் கரையை அடித்தது. 2009 மார்ச்சில் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் கொண்டுவரப்பட்ட, போரில் காயமுற்றோரை ஏற்க இந்தியாவின் அவசர மருத்துவமனை புல்மோட்டையிலேயே அமைந்தது. இங்கே பேச வருபவரின் இழப்பும் கேட்பவரின் இழப்பும் பல நேரம் ஒரே நாளில் நேர்ந்தவை. தன் அண்ணனைக் கடலில் பறிகொடுத்த துணையாளர், மகனைப் பறிகொடுத்த தாயின் பேச்சைத் தன்னையறியாமல் வேறு பக்கம் திருப்பிவிடக்கூடும். அல்லது தனக்கு வேண்டிய ஆறுதலை அவளுக்குச் சொல்லக்கூடும். உள்ளிருப்பவருக்கு இது தெரியாது, வெளியிலிருந்து கேட்பவருக்குத்தான் பிடிபடும். சுனாமிக்குப் பின் குறுகிய பயிற்சிகள் இக்கரையில் நிறையவே நடந்தன. தொடர் மேற்பார்வையற்ற ஒருமுறைப் பயிற்சி தீங்கும் செய்யலாம் என்று ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி எச்சரித்தது 2007இல்தான்.

மேற்பார்வைக்கு எதிரான வலுவான ஆட்சேபம், சான்றுகள் பற்றியது. பாம்ப்ளிங் குழுவினரின் 2006 ஆய்வில், மனச்சோர்வுடன் வந்த 127 பேரில், மேற்பார்வை பெற்றவரிடம் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், பாதியில் விட்டுப் போனதும் குறைவு. ஆனால் 2014இல் ரூஸ்மனியர் குழு 6,500க்கு மேற்பட்டோரின் தரவைப் பார்த்ததில், அவர்கள் தேறியதில் மேற்பார்வையாளர் யார் என்பதால் விளைந்த வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆண்டு எல்லிஸ் குழு, மேற்பார்வையாலேயே தீங்கடைந்தவர்களையும் கணக்கில் காட்டியது. இதை மழுப்ப வேண்டியதில்லை. நான் இதிலிருந்து எடுப்பது இதுதான்: தேநீரோடு நடக்கும் நினைவுப் பேச்சை மேற்பார்வை என்று நம்பிவிடக் கூடாது. நினைவிலிருந்து சொல்பவர் தனக்குச் சாதகமாகத்தான் சொல்வார். ஒலிப்பதிவு வேண்டும், வந்தவர் தேறுகிறாரா என்ற அளவீடு வேண்டும்.

மேற்பார்வை செய்ய ஆளுக்கு எங்கே போவது? கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்கத் அமைப்பு, மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர்க்காரரைப் பயிற்றி மனச்சோர்வுக்கு உளவளத்துணை தர வைத்தது. அவர்கள் குழுவாக அமர்ந்து ஒருவர் பதிவை மற்றவர் கேட்டுப் புள்ளியிட்டார்கள். நிபுணர்கள் அவ்வப்போதே சேர்ந்தார்கள். 2017இல் லான்செட்டில் வந்த முடிவின்படி மூன்று மாதத்தில் குணம் கண்டவர் 64 சதவீதம், மேம்படுத்திய வழக்கமான பராமரிப்பில் 39. மேற்பார்வைக்கு மட்டும் உரிய பலன் அல்ல இது, ஆனால் பேராசிரியர் பக்கத்தில் இல்லாமலும் வேலையைச் சோதிக்கலாம் என்பதற்கு இது போதும்.

சிறிய ஊரில் இரகசியம் காப்பதுதான் எனக்கும் சிக்கலாகப் படுகிறது. முஸ்லிம் மணவிலக்கு வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்குப் போகுமுன் பேச வந்த மனைவியின் கணவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவராகவும் துணையாளரின் உறவினராகவும் இருக்கலாம். பெயரை மறைத்தாலும் கதை காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மேற்பார்வைக் குழு, புல்மோட்டை அடங்கிய குச்சவெளிப் பிரதேசத்துக்குள் அமையக் கூடாது. மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவரோடு இணையவழி பேசலாம். ஒலிப்பதிவுக்கு வந்தவரின் சம்மதம் முன்பே வேண்டும், மறுத்தால் வற்புறுத்தக் கூடாது, கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிட வேண்டும். குழுவாகச் சேர்ந்தால் செலவும் பகிரப்படும். தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் மட்டும் அடுத்த கூட்டத்துக்காக வைத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும், தேசிய உளநலத் தொலைபேசி எண் 1926ஐக் கொடுக்கவும், மேற்பார்வையாளரை உடனே அழைக்கவும் முதல் நாளிலேயே எழுத்தில் ஏற்பாடு இருக்க வேண்டும்.